செருகினால் தானே வரவேண்டும்: லினக்ஸ் டிரைவர்களும் திருச்சுழிக்கு வந்த மடிக்கணினிகளும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரு வீட்டிலாவது அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கும். பரண் மேல், பீரோவுக்கு அடியில், இல்லையென்றால் பள்ளிச் சான்றிதழ்கள் வைத்த பையோடு சேர்த்து. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாநிலம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் நிற்கும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ்.

இந்த இரண்டாவது பெயரைத் தொட்டவர்கள் குறைவு. ('பாஸ் என்கிற பாஸ்கரன்' 2010இல் வந்து ஓடிய சூட்டில், இதுவும் ஏதோ விளையாட்டு என்று நினைத்தவர்கள் உண்டு :-) ) தொட்டவர்களும் அடுத்த வாரமே யாரையாவது பிடித்து அந்தப் பகுதியை அழித்துவிட்டு, இடத்தை விண்டோஸுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். காரணம் கேட்டால் ஊருக்கு ஊர் ஒரே பதில்தான்: "அதுல நெட்டு வராதுப்பா. பிரிண்டர் எடுக்காது."

இந்தப் பதிலில் பாதி உண்மை, பாதி அபாண்டம். எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்காமல் விட்டதால்தான் இவ்வளவு பெரிய வாய்ப்பு கையை விட்டுப் போனது.

முதலில் அபாண்டமான பாதி. லினக்ஸில் வன்பொருளுக்கு டிரைவர் தேடி அலைய வேண்டும், குறுவட்டு போட்டு நிறுவ வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் பலருக்கு இருக்கிறது. நடப்பது நேர் எதிர். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான டிரைவர்கள் மாட்யூல்களாக, தனித்தனிக் கோப்புகளாக, வட்டில் தூங்கிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றினால் கணினி தாங்காது. எந்தப் பொருள் செருகப்படுகிறதோ அதற்கு உரிய மாட்யூலை மட்டும் எழுப்பி உள்ளே கூப்பிட வேண்டும். அந்தக் கூப்பிடும் வேலை இன்று முழுக்கத் தானாக நடக்கிறது.

எப்படி? ரேஷன் கடையை நினைத்துக்கொண்டால் போதும். பி.சி.ஐ. அட்டையோ யு.எஸ்.பி. கருவியோ, ஒவ்வொன்றும் தன் உடம்பில் ஓர் அட்டை எண்ணோடுதான் பிறக்கிறது. தயாரித்த நிறுவனத்துக்கு ஓர் எண், அந்த மாடலுக்கு ஓர் எண். இன்டெலின் பி.சி.ஐ. எண் 8086. (ஆமாம், அந்தப் பழைய 8086 சிப்பின் பெயரையே வாங்கி வைத்துக்கொண்டார்கள். குறும்பு.) டிரைவர் எழுதுகிறவர் "இன்ன இன்ன எண்களுக்கு நான் பொறுப்பு" என்று ஒரு பட்டியலைத் தன் நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கிறார். டெப்மாட் என்ற நிரல் எல்லா டிரைவர்களின் பட்டியலையும் வாங்கி ஒரே பேரேட்டில் சேர்க்கிறது. கருவி செருகப்பட்டதும் கெர்னல் அதன் எண்ணை ஒரு வரியாகக் கோத்து யுடெவ் என்ற நிரலுக்குக் குரல் கொடுக்கிறது. யுடெவ் அந்த வரியை மோட்புரோப்பிடம் கொடுக்கச் சொல்கிறது. மோட்புரோப் பேரேட்டைப் பார்க்கிறது, ஆளைக் கண்டுபிடிக்கிறது, அவருக்குத் துணையாக வேறு யார் வர வேண்டுமோ அவர்களையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது. கண் இமைக்கும் நேரம். குறுவட்டும் இல்லை, 'அடுத்து, அடுத்து, முடி' என்று பொத்தான் அமுக்குவதும் இல்லை.

இது ஒரே நாளில் வந்ததில்லை. 1996இல் வந்த கெர்னல் 2.0 காலத்தில் கெர்னல்டி என்ற காவல்காரர் இருந்தார், 2.2இல் அந்த வேலையைக் கெர்னலே எடுத்துக்கொண்டது. ஆனால் எந்த அட்டைக்கு எந்த மாட்யூல் என்பதை மனிதர்தான் ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். பிசிகுவெஸ்ட் இதழோடு வந்த லினக்ஸ் குறுவட்டைப் போட்டு, ஒலி வராமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்த தலைமுறையைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அந்தத் தொல்லையைத் தீர்க்க ஒவ்வொரு வழங்கலும் தனித்தனியாக ஒரு துப்பறிவாளரை வைத்துக்கொண்டது. ரெட்ஹாட்டில் குட்ஸு. மாண்ட்ரேக்கில் ஹார்ட்டிரேக். சூசேயில் எச்டபிள்யூஇன்ஃபோ. டெபியனில் டிஸ்கவர். 2000இல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் இந்த விஷயத்தில் எல்லோரையும் அசத்தியது. குறுவட்டைப் போட்டாலே போதும், எதையும் நிறுவாமல் திரை, ஒலி, வலை எல்லாம் கண்டுபிடித்து வந்துநின்றது.

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் இந்தக் காலகட்டம் வயிற்றெரிச்சலாக இருக்கும். ஒரே சந்தைக்கு ஒரே சரக்கை ஐந்து பேர் ஐந்து தறியில் நெய்கிறார்கள், ஒருவர் நெய்த துணி இன்னொருவருக்கு உதவாது. ஒரு ஒலி அட்டை மாண்ட்ரேக்கில் பாடும், டெபியனில் ஊமையாகும். டிரைவர் ஒன்றேதான். அது இன்னாருடையது என்ற தகவல்தான் ஆளுக்கு ஆள் வேறு. "லினக்ஸில் வராது" என்ற கெட்ட பெயரின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தீர்வு, அந்தப் பேரேட்டை வழங்கல்களின் கையிலிருந்து பிடுங்கி டிரைவர்களின் உள்ளேயே வைத்ததுதான். 2001இல் கெர்னல் 2.4 ஹாட்பிளக் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2003இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் யுடெவை வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு அது பரவி, சில வருடங்களில் எல்லா வழங்கல்களுக்கும் பொதுவானது. 2012இல் யுடெவ் சிஸ்டம்டிக்குள் கரைந்தபோது ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டு ஈயுடெவ் என்று தனிக்குடித்தனம் போனது. அது வேறு சண்டை. எண்ணைப் பார்த்து ஆளைக் கூப்பிடும் முறையை யாரும் மாற்றவில்லை.

ஆக, 2011இல் திருச்சுழிக்கு மடிக்கணினி வந்து இறங்கியபோது தானாக டிரைவர் ஏறும் பிரச்சினை கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. அப்புறமும் ஏன் நெட் வரவில்லை?

உண்மையான பாதி இங்கே தொடங்குகிறது. டிரைவர் என்பது மாட்டுக்காரன் மாதிரி. மாடு எழுந்து நிற்க மாட்டுக்குள்ளும் உயிர் வேண்டுமே. இன்றைய வைஃபை சிப் பலவற்றுக்கு உள்ளே ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அதற்குள் ஒரு நிரலை, ஃபெர்ம்வேரை, ஊற்றினால்தான் அது வேலையே செய்யும். விலை குறைக்க, அந்த நிரலைச் சிப்பில் நிரந்தரமாகப் பதிக்காமல் "உன் கணினியிலிருந்து கொடுத்துக்கொள்" என்று கம்பெனிகள் விட்டுவிடுகின்றன. மாட்யூல் தானாக ஏறுகிறது, எண்ணைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது, பிறகு ஃபெர்ம்வேர் கோப்பைத் தேடுகிறது. கோப்பு இல்லை. பயனருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அமைதியாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டிரைவரே இல்லாத மாதிரிதான் தெரியும்.

அந்தக் கோப்பு ஏன் இல்லை என்பதில்தான் வழங்கலுக்கு வழங்கல் வேறுபாடு. உபுண்டு அதைக் கேள்வி கேட்காமல் உடன் வைத்தது. டெபியன் கொள்கைக்காரர். மூலநிரல் இல்லாத எதுவும் கட்டற்ற மென்பொருள் ஆகாது என்று, 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6.0இல் கெர்னலோடு ஒட்டியிருந்த இத்தகைய கோப்புகளை எல்லாம் பிரித்துத் தனிக் கிடங்கில் போட்டது. வேண்டுவோர் வலையிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். வைஃபை வேலை செய்ய ஒரு கோப்பு வேண்டும், அந்தக் கோப்பை எடுக்க வைஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழமொழியைக் கணினியில் நிறுவிக் காட்டினார்கள்!

சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடித்தளமாகக் கொண்டது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டெபியனைத் திட்டுவது சுலபம். அவர்கள் செய்ததில் நேர்மை இருந்தது. இப்படி ஒருவராவது முரண்டு பிடித்திருக்காவிட்டால் கம்பெனிகள் எதையுமே திறந்திருக்க மாட்டார்கள். பிராட்காம் வைஃபை சிப்புகளுக்கு டிரைவர் எழுத ஆர்வலர்கள் விண்டோஸ் டிரைவரைப் பிரித்து மேய்ந்து, அதிலிருந்து ஃபெர்ம்வேரை வெட்டி எடுக்கத் தனி நிரலே எழுதிய காலம் ஒன்று இருந்தது. அதே பிராட்காம் 2010 செப்டம்பரில் தானே திறந்த டிரைவரை வெளியிட்டது. அழுத்தத்துக்குப் பலன் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

ஆனால் கொள்கையின் செலவை யார் கட்டினார்கள்? சென்னையில் கல்லூரி வலையோடு கேபிளைச் செருகி உட்கார்ந்திருந்தவர் கட்டவில்லை. அவருக்கு அது இரண்டு நிமிட வேலை. கட்டியது, அகலப்பட்டைக் கம்பி எட்டாத ஊரில் இருந்தவர்தான். விருதுநகர் மாவட்டம் 2018இல் நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருந்தவை இதுவும் ராமநாதபுரமும் மட்டுமே. மழை பெய்தால் மிளகாயும் பருத்தியும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேல மூட்டம் என்று போகும் கரிசல் ஊர்களில், ஒரு கோப்பை இறக்கக் கணினியைப் பையில் போட்டு அருப்புக்கோட்டைக்குப் பேருந்து ஏற வேண்டும். எப்போதுமே இப்படித்தான், கொள்கையை ஒருவர் வகுப்பார், பேருந்துக் கட்டணத்தை இன்னொருவர் கொடுப்பார்.

டெபியனே கடைசியில் இறங்கி வந்தது. 2022இல் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் ஃபெர்ம்வேர் கோப்புகளை நிறுவியிலேயே சேர்த்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பிளஸ் டூ முடிக்கும் காலம்.

சரி, அந்தக் காலத்தில் இந்த ஊர்களுக்கு நெட் எந்த வழியில் வந்தது? டாங்கிள் வழியில். பென்டிரைவ் மாதிரி இருக்கும், உள்ளே சிம் அல்லது சி.டி.எம்.ஏ. இணைப்பு. டாடா போட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட் எல்லாம் இந்த வகை. இதில் ஒரு தந்திரம் உண்டு. செருகியவுடன் இந்தக் கருவி தன்னை மோடம் என்று சொல்லாது, குறுவட்டு என்று சொல்லும்! விண்டோஸுக்கான டிரைவர் அந்தப் பொய்க் குறுவட்டுக்குள் இருக்கும். அது நிறுவப்பட்டதும் ஒரு ரகசியச் சைகை அனுப்பும், கருவி வேஷத்தைக் கலைத்து மோடம் ஆகும். லினக்ஸ் என்ன செய்யும்? எண்ணைப் பார்த்தது, குறுவட்டு என்றது, குறுவட்டு மாட்யூலை ஏற்றியது. அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்துவிட்டது. பொய் சொன்னது கருவி.

இதற்காகவே ஜோசுவா டீட்சே என்பவர் யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்ற நிரலை எழுதினார். எந்த டாங்கிளுக்கு எந்தச் சைகை என்று உலகம் முழுவதிலும் இருந்து பயனர்கள் எழுதி அனுப்ப, ஒரு பெரிய பட்டியல் சேர்ந்தது. யுடெவ் விதியோடு அது இணைந்த பிறகு டாங்கிள்களும் தானாகவே வந்தன. அந்த நிரல் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்த வழங்கலில் நெட் வந்தது. இல்லாத வழங்கலில் வரவில்லை. மறுபடி அதே கல்யாணம், அதே பைத்தியம்.

பிரிண்டர் கதை இதைவிடச் சுவாரசியம். ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. கடை, கணக்கர் அலுவலகம் என்று எங்கே எட்டிப் பார்த்தாலும் தெரியும் இரண்டு பெட்டிகள்: எச்.பி. லேசர்ஜெட் 1020, கேனன் எல்.பி.பி. 2900. விலை குறைவு, உழைப்பு அதிகம், டோனர் நிரப்ப ஆள் கிடைக்கும். இரண்டும் லினக்ஸோடு ஒத்துப்போவதில் மகா அடம்.

1020க்குத் தன் ஃபெர்ம்வேரை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கமே கிடையாது. ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் கணினி மறுபடி ஊட்டிவிட வேண்டும். ரிக் ரிச்சர்ட்சன் எழுதிய திறந்த டிரைவர் இதற்கு ஒரு யுடெவ் விதி வைத்திருந்தது: பிரிண்டர் உயிர் பெற்றதும் ஃபெர்ம்வேரைத் தானாக அனுப்பு. அந்த அனுப்புதல் யு.எஸ்.பி.எல்.பி. என்ற மாட்யூல் வழியாகப் போனது. அதே மாட்யூல் அச்சுச் சேவையான கப்ஸின் புதிய பதிப்புக்கு இடைஞ்சல் என்று, 2009ஐ ஒட்டிச் சில வழங்கல்கள் அதைக் கறுப்புப் பட்டியலில் போட்டன. கறுப்புப் பட்டியலில் போட்டால் எண் பொருந்தினாலும் தானாக ஏறாது. விளைவு, ஒரு வழங்கலில் சமர்த்தாக அச்சிடும் அதே 1020, இன்னொன்றில் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

இப்போது 2012ஐ நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு வெளியே பாதி நாள் கரன்ட் இல்லாத ஆண்டு அது. ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் லினக்ஸ் வைத்திருந்தால், கரன்ட் வரும் ஒவ்வொரு முறையும் பிரிண்டருக்கு உயிர் ஊட்ட வேண்டும். சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், அடுத்த மின்வெட்டுக்கு இருபது நிமிடம் இருக்கிறது. அந்த யுடெவ் விதி ஒரு தடவை தவறினால் போதும், அவர் அன்று மாலையே விண்டோஸுக்குப் போய்விடுவார். அதுவும் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸா என்று கேட்கக் கூடாது. அவரைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. கட்டற்ற மென்பொருளின் விலை சுழியம் என்று பாடப்புத்தகம் சொல்லும், அவருடைய பேரேட்டில் அது அரைநாள் வருமானம்.

இவ்வளவுக்கும் லினக்ஸ்காரர்கள் மேல் பழி போடுவது பாதிதான் சரி. பெரிய பங்கு வாங்கியவருக்கு உண்டு. வாங்கியவர் என்றால் வீட்டுக்காரர் இல்லை, அரசு.

எல்காட் ஒன்றும் இதில் விவரம் இல்லாத நிறுவனம் அல்ல. சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில், எல்காட் தன் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. அரசுப் பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிகள் போயின. இந்தியாவில் இவ்வளவு துணிச்சலாக ஒரு மாநில நிறுவனம் இறங்கியது அபூர்வம். அப்படிப்பட்ட அனுபவம் இருந்த இடத்திலிருந்துதான் லட்சக்கணக்கான மடிக்கணினிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி போனது.

லட்சக்கணக்கில் வாங்குகிறவர் சந்தையில் யார்? ராஜா. ஒரு வாடிக்கையாளர் கடைக்குப் போய் "இதில் லினக்ஸ் ஓடுமா?" என்று கேட்டால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பத்து லட்சம் வாங்குகிறவர் கேட்டால் கம்பெனி சிப்பையே மாற்றித் தரும். ஒப்பந்தத்தில் "பாஸ் லினக்ஸ் நிறுவித் தரவேண்டும்" என்று எழுதுவது ஒன்று. "இதிலுள்ள வைஃபை, ஒலி, கேமரா, தொடுபலகை அனைத்துக்கும் டிரைவர் பொதுக் கெர்னலிலேயே இருக்க வேண்டும், ஃபெர்ம்வேர் உடன் வர வேண்டும், புதிதாக நிறுவினாலும் வலை இல்லாமலே எல்லாம் தானாக எழுந்து நிற்க வேண்டும், நின்றால்தான் பணம்" என்று எழுதுவது இன்னொன்று. முதலாவது பெயருக்கு. இரண்டாவது பிள்ளைகளுக்கு. இரண்டாவதற்கு அரசுக்குக் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் அப்படிப்பட்ட சிப்புகள் அதே விலையில் சந்தையில் இருந்தன.

பக்கத்துக் கேரளத்தைப் பார்க்கலாம். அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி இப்போது கைட் என்ற பெயரில் இருக்கும் அரசு நிறுவனம், பள்ளிகளுக்கென்று உபுண்டு அடிப்படையில் தன் சொந்த வழங்கலைத் தயாரித்துப் புதுப்பித்து வருகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அதே வழங்கலில், பாடம் அதிலேயே, தேர்வும் அதிலேயே. அச்சு வரவில்லை என்றால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார். தமிழ்நாட்டில் இரண்டாவது பெயர் திரையில் இருந்தது, அதைக் கேட்பதற்கு ஆள் இல்லை.

"எப்படியும் கல்லூரியில் டாலிதான் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது விண்டோஸில்தான் ஓடும், அப்புறம் லினக்ஸில் வைஃபை வந்தால் என்ன வராவிட்டால் என்ன?" என்று வணிகவியல் படிப்பவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டாலிக்காக விண்டோஸ் வேண்டும் என்பதை மறுக்க முடியாது, வேலை கிடைப்பது அதை வைத்துத்தான். ஆனால் அந்தக் கேள்வி மடிக்கணினி புதிதாக இருந்த வருடத்துக்கு உரியது. இப்போது கேட்க வேண்டியது வேறு. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகள் எவற்றுக்கும் இந்தத் தகுதி கிடையாது. பரணில் இருப்பவற்றை ஒன்று குப்பை என்று எடைக்குப் போட வேண்டும், இல்லை லினக்ஸ் போட வேண்டும். பி.காம். முதலாண்டில் சேரும் தங்கைக்கு அக்காவின் மடிக்கணினி போதுமா போதாதா என்பது பல வீடுகளில் இருபதாயிரம் ரூபாய்க் கேள்வி.

இங்கேதான் தானாக ஏறும் டிரைவர்களின் அருமை தெரிகிறது. விண்டோஸில் கருவி பழசானால் டிரைவரைத் தேடிக் கம்பெனித் தளத்துக்குப் போக வேண்டும், அங்கே பக்கமே இருக்காது. லினக்ஸில் பழைய டிரைவர் கெர்னலோடேயே பயணம் செய்கிறது. யாராவது பார்த்துக்கொள்ளும் வரை பதினைந்து வருடப் பழைய வைஃபை சிப்பும் புதுக் கெர்னலில் எழுந்து வருகிறது.

இன்னொரு வசதி பழுது பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். திரை உடைந்த ஒரு மடிக்கணினியின் வட்டைக் கழற்றி, மதர்போர்டு நன்றாக இருக்கும் வேறு கம்பெனி மடிக்கணினியில் மாட்டினால், பழைய விண்டோஸ் பல நேரம் நீலத்திரை காட்டிவிடும். உபுண்டுவோ டெபியனோ இருந்தால் பெரும்பாலும் எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் எண்களைப் புதிதாகக் கேட்டு ஆளைக் கூப்பிடுவதால் வரும் பலன் இது. இதிலும் வழங்கலுக்கு வழங்கல் வித்தியாசம் உண்டு. டெபியன் வகையறா தொடக்கக் கோப்பில் தேவைப்படக்கூடிய மாட்யூல்களில் பெரும்பாலானவற்றை வைத்திருக்கும். ஃபெடோரா அந்தந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் வைக்கும், மாற்றி மாட்டினால் மீட்பு நுழைவு வழியாகப் போக வேண்டிவரும். வேகத்துக்கு ஃபெடோரா சொல்வது சரி. உடைந்ததை ஒட்டவைத்து ஓட்டும் ஊருக்கு டெபியன்தான் சரி.

புது மடிக்கணினிகளில் வேறொரு பூட்டு வந்திருக்கிறது. செக்யூர் பூட் இயங்கும்போது, கையொப்பம் இல்லாத மாட்யூலை உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் கெர்னல் ஏற்றாது. பொதுக் கெர்னலில் இல்லாத டிரைவரை வெளியிலிருந்து எடுத்துத் தொகுத்தவர்கள், எல்லாம் சரியாக முடிந்தும் வைஃபை வராமல் விழிப்பது பெரும்பாலும் இதனால்தான். பாதுகாப்புக்கு நல்லதுதான், அழைப்பு இல்லாமல் யாரும் கெர்னலுக்குள் நுழையக் கூடாது. ஆனால் ஒப்பந்தப்புள்ளியில் "பொதுக் கெர்னலிலேயே டிரைவர்" என்ற ஒரு வரி இன்னும் எவ்வளவு அவசியம் என்பதும் இதில்தான் இருக்கிறது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவிக்கப்பட்டது. 20 லட்சம் என்பது அந்த ஒரு வரியை எழுதிக் கேட்கப் போதுமான எண்ணிக்கை.

அதுவரை பரணிலிருந்து இறக்கியவர்களுக்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. நண்பரிடம் ஒரு பென்டிரைவில் புது டெபியனோ லினக்ஸ் மின்ட்டோ வாங்கி, நிறுவாமலே அதிலிருந்து கணினியை எழுப்பிப் பார்க்கலாம். வைஃபை பட்டியலில் பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டால் ஆண்ட்ராய்டு கைபேசியை யு.எஸ்.பி. வடத்தில் செருகி டெதரிங் போட்டால், அதற்குரிய மாட்யூல் தானாக ஏறி நெட் வந்துவிடும். அந்த நெட்டில் ஃபெர்ம்வேரை இறக்கிக்கொள்ளலாம். 2011இல் அருப்புக்கோட்டைக்குப் பேருந்து ஏறித் தீர்த்த பிரச்சினை, இப்போது ஒரு சார்ஜர் வடத்தில் தீர்கிறது. 1020 வைத்திருப்பவர்களும் எச்.பி.யின் செருகுநிரலை ஒருமுறை இறக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள். கேனன் 2900 வைத்திருப்பவர்கள் மட்டும் விண்டோஸ் பகுதியை இப்போதைக்கு அழிக்காமல் இருப்பது நல்லது :-)